ஜன்னலுக்கு மேலே அரை அடி: வயர் டிரில்லும் பேட்டரி டிரில்லும்

பதினான்கு வருஷமாக எனக்குச் சோறு போடுவது ஜன்னலுக்கு மேலே இருக்கிற அரை அடிச் சுவர். கர்ட்டன் ராடு மாட்டுவது, கொசுவலை ஃபிரேம் பொருத்துவது, நடுநடுவே டிவி ஸ்டாண்டு, சாமி அலமாரி, பாத்ரூம் கண்ணாடி. வீடு வடசென்னையில் தண்டையார்பேட்டை. வேலை கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர், காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். "பக்கிங்காம் கால்வாய்ல தண்ணி நிக்கிற வரைக்கும் உன் தொழிலுக்கு லீவு கிடையாதுடா" என்பார் எங்கள் நைனா. அவர் ஹார்பரில் வேலை பார்த்தவர். கொசுவை நம்பிப் பிழைக்கிற மகன் என்பதில் அவருக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு.

வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். "அண்ணே, வீட்டுக்கு ஒரு டிரில் மிஷின் வாங்கலாம்னு இருக்கேன். வயர் வெச்சது வாங்கட்டுமா, சார்ஜ் போடறது வாங்கட்டுமா?" ஏணியில் ஒரு காலும் ஜன்னல் கட்டையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு, வாயில் ஸ்க்ரூவைக் கடித்தபடி இதற்கு எத்தனை தரம் அரைகுறையாகப் பதில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. இன்றைக்கு வாயில் ஸ்க்ரூ இல்லை.

என் பையில் இருப்பவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016இல் லிங்கி செட்டித் தெருவில் 2,900 ரூபாய்க்கு வாங்கிய வயர் டிரில்: 600 வாட், 13 எம்எம் சக்கு (ஓட்டை போடுகிற பிட்டைக் கவ்விப் பிடிக்கிற வாய்), சுற்றும்போதே இடிக்கிற இம்பாக்ட் வசதி உள்ளது. மூன்று வருஷம் முன்னால் அதே கடையில் வாங்கிய 18 வோல்ட் பேட்டரி டிரில், 2 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) பேட்டரி இரண்டு, சார்ஜர், பெட்டி எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய். அப்புறம் கான்கிரீட்டை இடித்துத் துளைக்கிற, வயர் வைத்த சின்ன ஹேமர் டிரில் ஒன்று. கம்பெனி பெயர்களை வேண்டுமென்றேதான் விடுகிறேன். கடைக்காரர் பில் போட்டுக் கொடுக்கிற நல்ல கம்பெனி மிஷின்களுக்குள் வீட்டு வேலைக்குப் பெரிய வித்தியாசம் எதையும் நான் பார்த்ததில்லை.

கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டுச் சுவர் எது?

கர்ட்டன் ராடு மாட்டுகிறவனுக்கு மட்டுமே தெரிந்த ஒரு வேதனை இருக்கிறது. வீடு முழுக்கச் செங்கல்லாக இருந்தாலும் ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்குகிற உத்தரம், அதாவது லிண்டல், கான்கிரீட். பிராக்கெட் உட்கார வேண்டிய இடமும் சரியாக அதுதான். இரண்டடி தள்ளி நாலு வயசுப் பிள்ளை ஆணி அடித்தால்கூட இறங்குகிற சுவர், ஜன்னலுக்கு மேலே வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். பத்தாததற்கு உள்ளே கம்பி வேறு. பிட்டு கம்பியில் பட்டால் சத்தமே மாறிவிடும். "கிர்ர்" என்று போய்க்கொண்டிருந்தது "கீங்" என்று கத்தும். அப்போது அழுத்தினால் பிட்டின் முனை போகும், இல்லாவிட்டால் மணிக்கட்டு திருகும். இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் போட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

திருவொற்றியூர் தேரடி பக்கம் ஒரு பிளாட்டில் நாலு ஜன்னல் வேலை. மூன்று மிஷினும் கையில் இருந்ததால் என் அக்கா மகன் செல்போனில் நேரம் பார்த்தான். ஒரே 6 எம்எம் அளவு, ஒரே 40 எம்எம் ஆழம். செங்கல்லில் வயர் டிரில்லுக்கும் பேட்டரி டிரில்லுக்கும் ஆறேழு விநாடி. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. லிண்டலில் வயர் டிரில் இருபது விநாடிக்கு மேல் எடுத்தது. பேட்டரி டிரில் அரை நிமிஷத்தைத் தாண்டியது, என் தோளையும் தாண்டியது. ஹேமரை எடுத்து வைத்தேன், ஐந்து எண்ணுவதற்குள் முடிந்தது. "மாமா, இது மட்டும் போதுமே, எதுக்கு மூணைத் தூக்கினு அலையறோம்?" என்றான். கேள்வி நியாயமானதுதான்.

ஹேமர் அவ்வளவு சீக்கிரம் முடித்ததற்குக் காரணம் வயரில் இல்லை, இடிக்கிற விதத்தில் இருக்கிறது. சாதாரண இம்பாக்ட் டிரில்லுக்குள் பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கும். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் இடி விழும், ஆனால் ஒவ்வொன்றும் கொசுக்கடி. நாம் உடம்பைச் சாய்த்து அழுத்தினால்தான் அது இடியாகவே மாறும். ஹேமரில் உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று ஒரு இரும்புக் கட்டையைத் தள்ளி, அது பிட்டின் பின்மண்டையில் அடிக்கிறது. இடி குறைவு, கனம் அதிகம், நாம் சும்மா பிடித்துக்கொண்டால் போதும். அதன் பிட்டும் வேறு. 10 எம்எம் தண்டில் பள்ளம் வெட்டிய எஸ்டிஎஸ் பிட்டு, சாவி போட்டு இறுக்க வேண்டாம், தள்ளினால் "டக்" என்று உட்காரும். இதே ஹேமரில் 18 வோல்ட் பேட்டரி வகையும் வந்துவிட்டது. லிண்டலில் அது என் வயர் வைத்த இம்பாக்ட் டிரில்லைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆகவே உங்கள் வீடு முழுக்கக் கான்கிரீட் வார்த்த புது அபார்ட்மென்ட் என்றால், வயரா பேட்டரியா என்பது இரண்டாவது கேள்வி. ஹேமரா இல்லையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

சரி, வயருக்கு வருவோம்.

ராயபுரத்தில் ஒரு பாட்டி வீடு. நான் பிளக்கைச் சொருகியதும் மீட்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இன்னாப்பா, கரண்ட்டு நெறைய இழுக்குமா?" விளையாட்டாக ஆரம்பித்து உண்மையிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபது ஓட்டை, ஓட்டைக்குப் பத்து விநாடி. 600 வாட்டில் முழு மூச்சாக ஓடினால்கூட மொத்தம் 33 வாட்-ஹவர். ஒரு யூனிட்டில் முப்பதில் ஒரு பங்கு. பாட்டிக்கு நிம்மதி. எனக்குத்தான் அன்றைக்கு வேறொன்று உறைத்தது. என் பேட்டரியில் 18 வோல்ட், 2 ஏஎச். பெருக்கினால் 36 வாட்-ஹவர். பாட்டியின் மீட்டர் பொருட்படுத்தாத அந்தத் துளிதான் என் பேட்டரியின் மொத்தச் சொத்து! வயர் டிரில் முழு பலத்தோடு இழுக்கிற அளவுக்கு இதை இழுக்கவிட்டால் நாலு நிமிஷத்தில் காலி.

இருந்தும் வேலை நடக்கிறது என்றால், நாம் ஓட்டை போடுகிற நேரம் அவ்வளவு குறைவு என்று அர்த்தம். அளந்து, குறித்து, ஏணியை நகர்த்தி, வீட்டுக்காரம்மா "கொஞ்சம் மேலே" என்று சொல்லி, அவர் வீட்டுக்காரர் "கொஞ்சம் கீழே" என்று சொல்லி, மிஷின் ஓடுவது ஒரு மணி நேரத்தில் மூன்று நிமிஷம். ஒரு பேட்டரியில் செங்கல் சுவரில் எண்பது ஓட்டை வரை போட்டிருக்கிறேன். லிண்டலில் இருபத்தைந்தைத் தாண்டியதில்லை.

பேட்டரி டிரில் எனக்குச் சம்பாதித்துக் கொடுப்பது கொசுவலையில். அலுமினிய ஃபிரேமில் சின்ன ஸ்க்ரூ முடுக்க வேண்டும். வயர் டிரில்லுக்கு ஒரே கியர். நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் போகிற மிஷின். ஸ்விட்சைப் பட்டும் படாமலும் அழுத்தினால் மெதுவாகச் சுற்றும், ஆனால் பலமும் போய்விடும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் ஸ்க்ரூ தலை வழுக்கும், இல்லை அலுமினியம் கிழியும். பேட்டரி டிரில்லில் சக்குக்குப் பின்னால் 1, 2, 3 என்று எண் போட்ட வளையம் இருக்கிறதே, அதுதான் கிளட்ச். நான் அலுமினியத்துக்கு 4இல் வைப்பேன், பிளைவுட்டுக்கு 10, 12. ஸ்க்ரூ உட்கார்ந்ததும் "டரக் டரக்" என்று வழுக்கி நின்றுவிடும். தலையில் ஸ்லோ கியரும் இருக்கும். அக்கா மகன் வேலைக்கு வந்த மூன்றாம் நாளே அவன் கையில் ஃபிரேமைக் கொடுக்க முடிந்தது என்றால் அந்த வளையத்தால்தான்.

பழைய சுண்ணாம்புச் சுவருக்கும் இதுவே சரி. ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறந்தது; அதைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்னமும் சுண்ணாம்புக் காரை பூசிய வீடுகள் நிற்கின்றன. அந்தச் சுவரில் இம்பாக்ட்டைப் போட்டால் ஓட்டை விழாது, குழி விழும். பாட்டி வீட்டில் முதல் ஓட்டைக்கே இட்லி அளவு காரை பெயர்ந்து என் சட்டைப்பைக்குள் விழுந்தது. பிறகு பேட்டரி டிரில்லை எடுத்து, இம்பாக்ட்டை நிறுத்திவிட்டு, வெறும் சுற்றலில் மெல்ல உள்ளே விட்டேன். ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டைக்குள் அடிக்கிற பிளாஸ்டிக் பிளக் அங்கே பிடிக்காது; மரக்கட்டை சீவி அடித்தால் பிடிக்கும். நைனா காலத்து வைத்தியம்.

வயரால் வருகிற தொல்லையைச் சொல்லாவிட்டால் என் ஏணி என்னை மன்னிக்காது. பழைய வீடுகளில் அறைக்கு ஒரு பிளக் இருந்தால் அதிசயம், அதுவும் பீரோவுக்குப் பின்னால் இருக்கும். பதினைந்து மீட்டர் எக்ஸ்டென்ஷனை இழுத்து, கதவு இடுக்கில் விட்டு, ஏணிக்காலைச் சுற்றி மேலே கொண்டுபோக வேண்டும். காசிமேட்டில் ஒரு வீட்டில் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்த பையன் வயரைத் தட்டிவிட்டான். மிஷின் என் கையைவிட்டுப் பறந்து சோபாவில் விழுந்தது. சோபா இல்லாவிட்டால் டைல்ஸ். எக்ஸ்டென்ஷன் வயர் மெலிசாக இருந்தால் வோல்டேஜ் இறங்கி மிஷின் சூடாகும், அதையும் கவனிக்க வேண்டும். மொட்டைமாடியில் ஈரத்தில் நின்று வேலை பார்க்கும்போது வயர் மிஷினை நான் தொடவே மாட்டேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை, முழங்கால் தண்ணீர். எதிர்வீட்டு அக்காவின் பாத்ரூம் கதவு ஊறிப்போய் திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் நின்றுகொண்டது. இரண்டு பேட்டரியும் முந்தின நாளே சார்ஜில் இருந்ததால் ரிவர்ஸில் போட்டுக் கீல் ஸ்க்ரூவைக் கழற்றி, கதவைத் தனியாக எடுத்து வைத்தோம். அந்தத் தெருவில் அன்றைக்கு நாலு கதவு கழற்றினேன். வயர் மிஷின் பரணில் ஓய்வெடுத்தது.

இப்போது என் முட்டாள்தனம். 18 வோல்ட் வாங்குவதற்கு முன்னால், பாரிமுனை பக்கம் பிளாட்பாரத்தில் ஒரு பேட்டரி டிரில் பார்த்தேன். பெட்டிமேல் பெரிய எழுத்தில் 48வி. இரண்டு பேட்டரி, பிட்டு செட்டு, சூட்கேஸ் எல்லாம் சேர்த்து 1,700 ரூபாய். நாற்பத்தெட்டு வோல்ட் என்றால் லிண்டல் வெண்ணெய் மாதிரி போகும் என்று நினைத்துக்கொண்டு வாங்கினேன். பதினோராம் நாள் ஒரு பேட்டரி செத்தது. அடித்திருந்த நாலு ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்து பார்த்தேன். உள்ளே பச்சைத் தாள் சுற்றிய செல் ஐந்தே ஐந்து, ஒவ்வொன்றும் பென்டார்ச் செல்லைவிடக் கொஞ்சம் பருமன். மல்டிமீட்டரை வைத்தால் நாலு செல் 3.6 காட்டுகிறது, ஐந்தாவது 1.1. அந்த ஒன்று செத்ததில் மொத்தமும் போய்விட்டது. லித்தியம் செல் ஒன்றுக்கு 3.6 வோல்ட், ஐந்தைத் தொடராக வைத்தால் 18, முழு சார்ஜில் 21. நாற்பத்தெட்டு வேண்டுமானால் பதின்மூன்று செல் வேண்டும். அந்தக் கைப்பிடிக்குள் பதின்மூன்று நுழையாது. ஆக, அந்த 48 என்பது ஸ்டிக்கர் ஒட்டியவருக்குப் பிடித்த எண். சூட்கேஸ் மட்டும் நல்லது. இன்றைக்கும் ஸ்க்ரூவும் பிளக்கும் அதில்தான்.

நல்ல கம்பெனிகளும் இந்த விஷயத்தில் சத்தியவான்கள் இல்லை. ஒருவர் 18 என்பதை இன்னொருவர் "20 மேக்ஸ்" என்று எழுதுவார். உள்ளே அதே ஐந்து செல். 12 என்று எழுதியிருந்தால் மூன்று செல், உண்மையில் 10.8. இது ஏமாற்று இல்லை, முழு சார்ஜில் அளந்த கணக்கு, அவ்வளவுதான். தெரிந்துகொண்டு வாங்கினால் சரி.

பேட்டரிக்கு இன்னொரு எதிரி நம்ம ஊர் மே மாதம். கொடுங்கையூரில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட மாடி அறை ஒன்றில் வேலை செய்து, சூடான பேட்டரியை அப்படியே சார்ஜரில் வைத்தால் ஏற்காது. சிவப்பு விளக்கு மினுக் மினுக். கெட்டுப்போய்விட்டது என்று பயந்தோம். அது கெடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்கிறது. ஆறிய பிறகு தானே ஏற்றிக்கொண்டது. "மாமா, அவங்க ஃப்ரிட்ஜுல அஞ்சு நிமிஷம் வெச்சிரலாமா?" என்று கேட்டான் மருமகன். வைக்கக் கூடாது. வெளியே எடுத்ததும் வேர்த்துவிடும், அந்த ஈரம் உள்ளே போகும். ஃபேனுக்குக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம்.

வருஷக் கணக்கில் பார்த்தால் வயர் டிரில்லை அடிக்க ஆள் இல்லை. ஒன்பது வருஷத்தில் இரண்டு தடவை கார்பன் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற பிரஷ்) மாற்றினேன். காற்று போகிற ஓட்டை வழியாக நீலப் பொறி அதிகமாகத் தெரிந்தால், கூடவே ஒரு கருகல் வாடை வந்தால், கார்பன் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஜோடி எண்பது ரூபாய், பத்து நிமிஷ வேலை. இன்னும் மோட்டார் காயில் கட்டக் கொடுக்கவில்லை. என் பேட்டரி டிரில் பிரஷ்லெஸ், கார்பனே கிடையாது. மோட்டார் என்னைவிட நாளாக உழைக்கும்போல இருக்கிறது. ஆனால் மூன்று வருஷத்தில் ஒரு பேட்டரிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. எண்பது ஓட்டை போட்டது இப்போது ஐம்பதில் படுக்கிறது. புதுப் பேட்டரி விலை கேட்டால் இன்னும் கொஞ்சம் போட்டு ஒரு வயர் டிரில்லே வாங்கிவிடலாம். ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மிஷினில் உட்காராது என்பதும் நினைவிருக்கட்டும். முதல் மிஷின் எந்த நிறமோ, அடுத்தடுத்து வாங்குவதெல்லாம் அதே நிறமாகத்தான் இருக்கும்.

பேட்டரி டிரில் ஒன்றும் நேற்று வந்ததில்லை. பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி 1961லேயே ஒன்று செய்தது, நிக்கல் காட்மியம் செல் போட்டு. அந்த வகை செல் கனம். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஆசாரியிடம் அப்படியொரு மிஷின் இருந்தது, மதியச் சாப்பாட்டுக்கு நாம் உட்காருவதற்கு முன்னாலேயே அது உட்கார்ந்துவிடும். லித்தியம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

ஆகவே யாருக்கு எது? வாடகை வீட்டில் இருந்துகொண்டு வருஷத்துக்கு ஐந்தாறு ஓட்டை போடுகிறவர் வயர் டிரில் வாங்கட்டும். ஆறு மாதம் பரணில் கிடந்தாலும் எடுத்துச் சொருகியதும் ஓடும். பேட்டரியை அப்படிக் காலியாகப் போட்டுவைத்தால் தீபாவளிக்கு எடுக்கும்போது செத்திருக்கும். கட்டில், அலமாரி என்று தானே பூட்டிப் பார்க்கிற ஆசை உள்ளவர், மரம், அலுமினியம், பிளைவுட்டில் கை வைக்கிறவர் பேட்டரியில் போடலாம். 12 வோல்ட்டே போதும், கைக்கும் இலேசு. பெயின்ட் கலக்குவது, பைப்புக்காகப் பெரிய வட்ட ஓட்டை வெட்டுவது என்றால் வயர்தான், பக்கக் கைப்பிடியையும் மாட்டிக்கொண்டு. என் தொழிலில் இருப்பவருக்கு நான் சொல்லி ஆக வேண்டியது ஒன்றுமில்லை, அவரிடமும் மூன்று இருக்கும்.

எதை வாங்கினாலும் கடையிலேயே சக்கில் ஒரு பிட்டை மாட்டி ஓடவிடச் சொல்லுங்கள். சுற்றும்போது பிட்டு நுனி ஒரே புள்ளியாகத் தெரிந்தால் நல்லது. ஆடி இரண்டாகத் தெரிந்தால் அடுத்த பீஸை எடுக்கச் சொல்லுங்கள், முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுப்பார்கள். கான்கிரீட் பிட்டு மட்டும் நல்லதாக மூன்று தனியாக வாங்குங்கள், 6 எம்எம் இரண்டு, 8 எம்எம் ஒன்று. மிஷினோடு இலவசமாக வருகிற பிட்டு என் வீட்டில் தக்காளிச் செடிக்குக் குச்சியாக நிற்கிறது. லிங்கி செட்டித் தெருவுக்குக் காலை பதினொரு மணிக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் லோடு வண்டிகளுக்கு நடுவில் நடக்க இடம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை போனால் ஷட்டரைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும்.